மான் தேடி மலையேறப் போறீங்களா? துப்பாக்கியைத் தவிர எல்லாத்தையும் எடுத்து வைங்க!

ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போனா ஒரு வகை வீடியோ அடிக்கடி கண்ணுல படும். அமெரிக்காவில் ஏதோ ஒரு மலைச்சரிவு. முதுகில் பெரிய பை, கழுத்தில் பைனாகுலர், காலில் முரட்டு பூட்ஸ், கையில் வில்லோ ரைஃபிளோ. ரோடே இல்லாத காட்டுக்குள்ள ஒருத்தர் மூணு நாள் தங்கி, ஒரே ஒரு மானுக்காகக் காத்துக் கிடப்பார். பார்க்கவே கெத்தா இருக்கும். 'நாமும் ஒரு தடவை இப்படிப் போகணும்டா'ன்னு நண்பனுக்கு ஃபார்வேர்டும் பண்ணியிருப்பீங்க.

போகலாம். துப்பாக்கி மட்டும்தான் கூடாது.

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். சுடுறது மட்டும்தான் வேட்டைன்னு நினைச்சுடாதீங்க. கண்ணி வைக்கிறது, பொறி வைக்கிறது, விஷம் வைக்கிறது, பிடிக்கிறது, இதில் எதையாவது செய்ய முயற்சி பண்றது... எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். வெளிமான் மாதிரி முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கைக் கொன்றால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை. 1998-ல் ராஜஸ்தானில் நடந்த வெளிமான் வேட்டைக்காக சல்மான் கானுக்கு ஜோத்பூர் நீதிமன்றம் 2018-ல் 5 வருஷ தண்டனை கொடுத்தது நினைவிருக்கும். 20 வருஷம் கழிச்சும் அந்த வழக்கு அவரை விடலை. யாரோ வேட்டையாடின கறியை வாங்கிச் சாப்பிட்டாலும் மாட்டுவீங்க. காட்டில் தானா உதிர்ந்து கிடக்கும் மான்கொம்பை ஷோகேஸ்ல வைக்க எடுத்துட்டு வந்தாலும் மாட்டுவீங்க. அதெல்லாம் அரசாங்கச் சொத்து.

சட்டம் இவ்வளவுதான். இனி சுவாரஸ்யமான பகுதிக்கு வருவோம். அந்த வீடியோ ஆளோட தயாரிப்பைக் கவனிச்சுப் பாருங்க. துப்பாக்கி அதில் ரொம்பச் சின்னப் பகுதி. மாசக்கணக்கா காலைப் பழக்குறது, பையின் எடையைக் கிராம் கிராமா குறைக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்க்கிறது, அசையாம உட்கார்றது... கரடுமுரடான மலையில் மானைப் பார்த்துட்டு முழுசா வீடு திரும்ப உதவுறது இதெல்லாம்தான். இந்த வித்தை முழுக்க நமக்கும் ஆகும். நம்மூரில் மா.கிருஷ்ணன் (1912 - 1996) இதை வாழ்நாள் முழுக்கச் செஞ்சு காட்டினார். பல பாகங்களை ஒண்ணு சேர்த்து தானே உருவாக்கிய கேமராவோடு காட்டுக்குள்ள காத்திருந்து, மானையும் யானையையும் கறுப்பு வெள்ளையில் படம் பிடிச்சார். அவர் தமிழில் எழுதிய கட்டுரைகளும் புத்தகமா கிடைக்குது. படிச்சுப் பாருங்க.

சமவெளிக்காரங்களோட பிரச்னை

உதாரணத்துக்கு அரியலூர் பக்கத்துல இருக்கும் கல்லங்குறிச்சியை எடுத்துக்குவோம். கம்பத்தையே பெருமாளா வணங்குற கலியுக வரதராஜப் பெருமாள் கோயில், சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் லாரி, வெயில். மண்ணு தட்டையான மண்ணு. அங்கே வளர்ந்த ஒருத்தர் வெயிலைத் தாங்குவார், பல கிலோமீட்டர் நடப்பார், சைக்கிள் மிதிப்பார். ஆனா ஏறி இறங்குற பழக்கம் அவரோட தொடைக்கும் முட்டிக்கும் கிடையாது. மலையில் மாட்டிக்கிறது இந்த இடத்தில்தான். 'நான் தினமும் கிரவுண்ட்ல ஓடுறேன் பாஸ்'னு சொல்றவங்க, இரண்டு மணி நேரம் இறக்கத்தில் நடந்ததும் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவாங்க. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முட்டியையும் கால் விரலையும் பதம் பார்க்கிறது இறக்கம்.

அதனால, போகப்போற தேதிக்கு 8 வாரம் முன்னாடியே தொடங்குங்க. முதல் 2 வாரம் வெறும் கையோடு படி ஏறி இறங்குங்க. வீட்டு மாடியே போதும். மூணாவது வாரத்தில் முதுகுப் பையில் 3 லிட்டர் தண்ணீர் பாட்டில்களை வைங்க, அதாவது 3 கிலோ. அப்புறம் வாரம் ஒரு கிலோ கூட்டுங்க. தண்ணீரை வைக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. முடியலைன்னா கீழே கொட்டிட்டு இறங்கிடலாம், கல்லை வச்சா அதையும் சேர்த்துச் சுமக்கணும்.

வார இறுதிக்கு நல்ல மைதானங்கள் பக்கத்துலயே இருக்கு. திருச்சி மலைக்கோட்டையில் 400-க்கும் மேற்பட்ட படிகள். பெரம்பலூர் செட்டிகுளத்தில் முருகன் மலை. கொஞ்சம் தேறினதும் கொல்லிமலை ஆகாய கங்கை அருவி. அங்கே 1,000-க்கும் மேல படி இறங்கித்தான் அருவியைப் பார்க்கணும். குளிச்சு உடம்பு தளர்ந்த பிறகு அத்தனை படியும் ஏறணும். மலைப்பயணத்துக்கு இதைவிட நேர்மையான பரீட்சை கிடையாது. பையோடு இதை ஏறி முடிச்சு, மறுநாள் காலையில் சாதாரணமா நடக்க முடிஞ்சா நீங்க தயார்.

எங்கே போகலாம்?

சும்மா எந்தக் காட்டுக்குள்ளயும் நுழைஞ்சுட முடியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போனாலே வழக்குதான். பெரம்பலூர் மாவட்டக் காடுகளில் புள்ளிமான்கள் நிறைய இருக்கு. கோடையில் தண்ணீர் தேடி வெளியே வந்து, ரோட்டில் அடிபட்டும் கிணற்றில் விழுந்தும் நாய்கள் கடிச்சும் சாகுது. 'பக்கத்துலதானே'ன்னு பைக்கை எடுத்துக்கிட்டு அந்தக் காட்டுக்குள்ள போகாதீங்க. ராத்திரி அந்தப் பக்கம் ரோட்டில் போனா வேகத்தைக் குறைங்க. ஒரு மான் ரோட்டைத் தாண்டினா பின்னாடியே இன்னும் நாலு வரும்னு எதிர்பார்த்து ஓட்டுங்க.

முறையான வழி, தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம். 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம்னு மூணு வகை. ஆன்லைனில் பதிவு பண்ணணும். மலைக்கிராம இளைஞர்கள் பயிற்சி எடுத்து வழிகாட்டிகளா கூட வர்றாங்க. ஆனைமலையில் டாப்ஸ்லிப் - பண்டாரவரை, நீலகிரியில் பார்சன்ஸ் வேலி - முக்குருத்தி மாதிரி பாதைகள் இந்தப் பட்டியலில் இருக்கு. புள்ளிமானும் கடமானும் வாழும் காடுகள் ஆனைமலையில். நீலகிரியின் மேல்மட்டப் புல்வெளிகளில் கடமான். முதல் தடவையே 'கடினம்' பக்கம் கை வைக்காதீங்க. ஒரு எளிது, ஒரு நடுத்தரம், அப்புறம்தான் அது.

அதுக்கும் முன்னாடி ஒத்திகை வேணும்னா கோடியக்கரைக்குப் போங்க. 1967-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். தட்டையான தரையில் வெளிமான்கள் கூட்டமா நிற்கும். மலை இல்லை, கஷ்டமில்லை, மானோட நடவடிக்கையை மட்டும் படிக்கலாம்.

காலுக்கு மேல செலவு பண்ணுங்க

கையில் 5,000 ரூபாய் இருந்தா அதில் பாதியை ஷூவுக்கே கொடுங்க. ஜாக்கெட், தொப்பியெல்லாம் வீடியோவுக்கு. உங்களை வீட்டுக்குக் கொண்டு வர்றது ஷூ. அடிப்பாகத்தில் ஆழமான வெட்டுகள் இருக்கணும். கணுக்காலை மூடினா இன்னும் நல்லது. சாயங்காலம் போய் வாங்குங்க, அந்த நேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பயணத்தில் போடப்போற அதே தடிச்ச சாக்ஸை மாட்டிக்கிட்டு, அரை சைஸ் பெரிசா எடுங்க. இல்லைன்னா இறக்கத்தில் கட்டை விரல் நகம் முன்னாடி இடிச்சு இடிச்சுக் கறுத்துப் போயிடும். புது ஷூவோட நேரா மலைக்குப் போறது கொப்புளத்துக்கு நீங்களே பத்திரிகை வச்சு அழைக்கிற மாதிரி. 3 வாரமாவது ஊருக்குள்ள போட்டு நடங்க, மாட்டுவண்டிப் பாதையில் நடங்க. கிளம்புறதுக்கு முதல் நாள் நகத்தை ஒட்ட வெட்டுங்க. நடக்கும்போது எங்கேயாவது சூடா உரசுற மாதிரி தெரிஞ்சா உடனே நின்னு அங்கே பிளாஸ்திரி ஒட்டுங்க. 'அடுத்த வளைவுல பார்த்துக்கலாம்'னு நினைச்சா அதுக்குள்ள கொப்புளம் வந்திருக்கும்.

அடுத்து, ஜீன்ஸ் வேண்டாம். இதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, நனைஞ்சா கனக்கும், காயாது. நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேல டிசம்பர், ஜனவரி காலைகளில் புல்லில் உறைபனி படியும். வியர்வையில் நனைஞ்ச பருத்தித் துணியோடு காற்றில் நின்னா, அரியலூர் வெயிலைத் தாங்கின உடம்பு பத்தே நிமிஷத்தில் நடுங்க ஆரம்பிச்சுடும். சீக்கிரம் காயுற விளையாட்டு டிஷர்ட், மேலே ஒரு கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதுக்கும் மேல மழைக்கோட்டு. இப்படி அடுக்கா போட்டுக்கிட்டா ஏறும்போது கழட்டலாம், நிற்கும்போது மாட்டலாம்.

ரெண்டாவது காரணம், அந்த ஜீன்ஸோட நிறம். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரியுற மாதிரி தெரியாது. ஆனா நீலம் பளிச்னு தெரியும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு கோட்டு போட்டுக்கிட்டே மானை நெருங்குறது இதனாலதான். பக்கத்து வேட்டைக்காரரோட துப்பாக்கிக்கு அது தெரியணும், மானுக்குத் தெரியாது. துணியை வெளுப்பாக் காட்டுறதுக்காக சலவைத்தூளில் சேர்க்கிற பொருள்கூட மான் கண்ணுக்கு மினுமினுக்கும்னு அங்கே சொல்லுவாங்க. நமக்கு பழுப்பு, சாம்பல், மங்கின பச்சை போதும். வனத்துறையும் அதைத்தான் சொல்லும். சென்ட் அடிக்காதீங்க. மானுக்கு உங்க வாசனை முன்னாடியே போயிடும், தேனீயும் தேடி வரும்.

பைக்குள்ள என்ன?

பையின் மொத்த எடை உங்க உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாம பார்த்துக்கோங்க. 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. ஒரு நாள் நடைக்கு இது தாராளம். அதில் பாதி தண்ணீர்தான், குறைஞ்சது 2 லிட்டர், வெயில் காலத்தில் 3. கூடவே ரெண்டு ஓ.ஆர்.எஸ் பாக்கெட். சாப்பாட்டுக்கு எனர்ஜி பார் தேடி அலைய வேண்டாம். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், புளிசாதம் போதும். புளிசாதம் மாதிரி கெடாம, கையிலேயே சாப்பிடக்கூடிய மலைச்சாப்பாட்டை எந்தக் கம்பெனியும் இன்னும் கண்டுபிடிக்கலை.

தலையில் மாட்டும் டார்ச் ஒண்ணு கட்டாயம். பகல் நடைதானே, எதுக்குன்னு கேட்பீங்க. ஒருத்தருக்குக் கால் பிசகினா போதும், மூணு மணி நேர இறக்கம் ஆறு மணி நேரமாகும். போன் டார்ச் ஒரு கையை எடுத்துக்கும், சார்ஜையும் எடுத்துக்கும். காட்டில் சிக்னல் இருக்காது. சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி காலியாகும். ஏரோப்ளேன் மோடில் போட்டுடுங்க. பாதையின் மேப்பை வீட்டிலேயே டவுன்லோடு பண்ணிடுங்க, ஜிபிஎஸ் நெட் இல்லாமலும் வேலை செய்யும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு வீட்டில் ஒருத்தர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. கூடவே ஒரு விசில், ஒரு மூங்கில் கம்பு. இறக்கத்தில் உங்க முட்டியின் பாரத்தைக் கம்பு வாங்கிக்கும்.

பைனாகுலர் வாங்கினா 8×42 வாங்குங்க. 8 மடங்கு பெரிசாக் காட்டும், முன்பக்க லென்ஸ் 42 மில்லிமீட்டர். '20 மடங்கு, 50 மடங்கு'ன்னு ஆன்லைனில் மலிவா விற்கிறதை வாங்கினா, உங்க கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிசாகும். வாங்கினதும் கரைவெட்டிக்குப் போய்ப் பழகுங்க. நம்ம அரியலூர் மாவட்டத்து ஏரிதான். 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வரும். பறக்கிற வாத்தை லென்ஸுக்குள்ள பிடிக்கப் பழகிட்டா, நிற்கிற மான் சுலபம்.

மானைக் கண்டுபிடிக்கிறது எப்படி?

அனுபவசாலி வேட்டைக்காரர்கள் நடக்கிறதைவிட உட்கார்ந்து பார்க்கிறதுதான் அதிகம். நீங்களும் வழிகாட்டி அனுமதிக்கிற இடத்தில் உட்காருங்க. எதிர்ச்சரிவை இடமிருந்து வலமா, புத்தகம் படிக்கிற மாதிரி வரி வரியா பைனாகுலரில் மேய விடுங்க. முழு மானைத் தேடாதீங்க. செடிகளுக்கு நடுவில் ஒரு காது அசையும், படுக்கைவாட்டில் ஒரு முதுகுக்கோடு தெரியும். காட்டில் எல்லாமே செங்குத்தா நிற்கும்போது படுக்கைக் கோடு மட்டும் ஒட்டாம துருத்திக்கிட்டு இருக்கும்.

காற்றைக் கவனிங்க. ஒரு சிட்டிகை முகப்பவுடரை ஊதி விட்டா எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும். மலையில் இதுக்கு ஒரு நேரக் கணக்கே உண்டு. விடியும் முன் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறினதும் சூடான காற்று மேலே ஏறும். வெயில் வந்த பிறகு கீழே நின்னுக்கிட்டு மேலே இருக்கிற மானை நெருங்கப் பார்த்தீங்கன்னா, உங்க வாசனை உங்களுக்கு முன்னாடியே அங்கே போய்ச் சேர்ந்துடும்.

காதையும் தீட்டி வைங்க. சாம்பல் நிற மந்திக் குரங்குகளும் புள்ளிமான்களும் கூட்டாளிகள். மேலே குரங்கு இலையும் பழமும் உதிர்க்கும், கீழே மான் மேயும். மேலே இருந்து குரங்கு கத்தினா கீழே மான் தலை தூக்கும். குரங்கு, புள்ளிமான், கடமான் எல்லாம் மாறி மாறி எச்சரிக்கைக் குரல் கொடுத்தா பக்கத்தில் சிறுத்தையோ புலியோ செந்நாயோ இருக்குன்னு அர்த்தம். அந்த நேரத்தில் மான் போட்டோவை மறந்துட்டு வழிகாட்டி பக்கத்தில் போய் நில்லுங்க.

தடம் பார்க்கிறது தனிச் சுகம். மானோட குளம்பு ரெண்டா பிளந்து, நீளமான இதயம் மாதிரி பதியும். காட்டுப்பன்றியோடதும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனா ஈர மண்ணில் பின்னாடி ரெண்டு சின்னப் புள்ளி சேர்ந்து விழும். ஆண் மான் கொம்பைத் தேய்ச்ச மரத்தில் பட்டை உரிஞ்சிருக்கும். உதிர்ந்த கொம்பு கண்ணில் பட்டா போட்டோ எடுங்க, தொடாதீங்க. புள்ளிமானும் கடமானும் கொம்பை உதிர்த்துட்டுப் புதுசா வளர்க்கும். வெளிமானோடது வாழ்நாள் முழுக்க ஒரே கொம்பு.

மானே உங்களைப் பார்த்துட்டா? அப்படியே சிலையா நில்லுங்க. ஒரு முன்னங்காலால் தரையைத் தட்டினா அது சந்தேகத்தில் இருக்கு. வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டினா முடிஞ்சது, கிளம்பிடுச்சு. துரத்தாதீங்க. ஓடுற மான் சரிவில் கால் உடைச்சுக்கும், குட்டியைப் பிரிஞ்சுடும்.

உயிரோடு விளையாடுற விஷயங்கள்

2018 மார்ச் 11. தேனி குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னை, ஈரோடு பக்கம் இருந்து வந்த மலையேற்றக் குழுவினரில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. பலர் உங்க வயசுக்காரங்க. அதுக்குப் பிறகுதான் தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன, அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயமாச்சு. காய்ஞ்ச புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமா ஓடும். தன் சூட்டாலேயே மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே உலர்த்திட்டு ஏறும். மேலே ஏறித் தப்பிக்க நினைக்கிறது மனுஷ இயல்பு, ஆனா தீ அதைவிட வேகம். தீக்காலத்தில் வனத்துறை பாதைகளை மூடுது. 2025-ல் பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் மூடியது. அந்த நேரத்தில் 'எனக்குத் தெரிஞ்ச ரூட் இருக்கு மச்சி'ன்னு ஒருத்தர் கூப்பிடுவார். போகாதீங்க. காட்டில் சிகரெட், தீ மூட்டல் எதுவும் கூடாதுங்கிறது ஒழுக்கப் பாடமில்லை, குரங்கணி பாடம்.

பாம்பு கடிச்சா கயிறு கட்டுறது, பிளேடால் கீறுறது, வாயால் உறிஞ்சுறது, மூணுமே தப்பு. கடிபட்டவரை உட்கார வைங்க, மோதிரம், வாட்ச்சைக் கழட்டுங்க, காலைக் கம்போடு சேர்த்து அசையாம தளர்வா கட்டி, சுமந்து இறக்குங்க. 108-க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போங்க. பாம்பை அடிச்சு எடுத்துட்டு வர வேண்டாம், கடிச்ச நேரத்தைக் குறிச்சுக்கிட்டா போதும்.

யானை விஷயத்தில் எனக்கு இருக்கிற ஒரே அறிவுரை, வழிகாட்டி சொல்றதைக் கேளுங்க. அவர் நில்லுன்னா நில்லுங்க, திரும்புன்னா காசு போச்சேன்னு புலம்பாம திரும்புங்க.

வீட்டுக்கு வந்த பிறகு

அட்டை கடிச்ச இடத்தில் ரத்தம் ரொம்ப நேரம் கசியும், பயப்படாதீங்க. ரத்தம் உறையாம இருக்க அது ஒரு பொருளைச் செலுத்தியிருக்கும். சோப்பு போட்டுக் கழுவினா போதும். உண்ணி விஷயம்தான் உஷார். துணி மொத்தத்தையும் வெந்நீரில் ஊறப் போடுங்க. குளிக்கும்போது அக்குள், இடுப்பு மடிப்பு, முட்டிக்குப் பின்னால், காதுக்குப் பின்னால் தேடிப் பாருங்க. அடுத்த 2, 3 வாரத்துக்குள்ள காய்ச்சலும் தலைவலியும் வந்தா, 'வைரல் ஃபீவர்தான்'னு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுட்டுப் படுக்காதீங்க. டாக்டர்கிட்ட 'நான் காட்டுக்குப் போய்ட்டு வந்தேன்'னு நீங்களே சொல்லுங்க. உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருந்தா அதையும் காட்டுங்க. அது உண்ணிக்காய்ச்சல்னு சொல்லப்படும் ஸ்க்ரப் டைஃபஸா இருக்கலாம். கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சி கடிச்சு வர்றது. சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண மாத்திரையிலேயே சரியாகும், தாமதமானா ஐ.சி.யூ வரைக்கும் கொண்டு போகும்.

அப்புறம் அந்த ஷூ. வாஷிங் மெஷினில் போடாதீங்க. சேற்றைப் பிரஷ்ஷால் தட்டிட்டு, உள்ளே பழைய நியூஸ்பேப்பரைத் திணிச்சு, நிழலில் காய வைங்க. நம்மூர் வெயிலில் மொட்டை மாடியில் வச்சா ஒரே மதியத்தில் பசை விட்டுப் போய், அடுத்த மலையில் அடிப்பாகம் வாயைப் பிளக்கும்.